ரெசின் கலனிலிருந்து கதிரியக்கம் கசிகிறதா? அறிகுறி பார்த்துக் காரணம் பிடிக்கும் வழிமுறை

சிங்கப்பூரில் அணுமின் நிலையம் கிடையாது. 2012இல் முடிந்த ஆய்வு, அன்றைக்குக் கிடைத்த அணு உலைகள் இவ்வளவு சிறிய, நெருக்கமான தீவுக்குப் பொருந்தாது என்று சொன்னது. ஆனால் அயனிப் பரிமாற்ற ரெசினை, அதாவது நீரில் கரைந்த அயனிகளைப் பிடித்துக்கொண்டு வேறு அயனிகளை விடும் சிறு மணிகளை, கையாளத் தெரிந்த தமிழர்கள் இங்கே நிறையப் பேர் இருக்கிறோம். உட்லண்ட்ஸ், துவாஸ் பக்கத்துத் தொழிற்சாலைகளில் மிகத் தூய நீர் தயாரிப்பதும், ஜூரோங் தீவில் கொதிகலனுக்கு உப்பில்லாத நீர் தருவதும் இதே ரெசின்தான். கதிரியக்கக் கழிவுநீரில் சீசியம், கோபால்ட் போன்ற தனிமங்களைப் பிடிப்பதும் இதுதான். அந்த அனுபவத்தோடு கதிரியக்க ஆய்வுக்கூடத்துக்கோ கழிவு கையாளும் வேலைக்கோ மாறுகிறவர்களுக்காகவும், இந்தத் துறையைப் படிக்கும் பலதுறைத் தொழிற்கல்லூரி மாணவர்களுக்காகவும் இதை எழுதுகிறேன்.

நீர் ஆலையில் வேலை பார்த்தவர்களுக்கு ஒரு பழக்கம் உண்டு. வெளியே வரும் தண்ணீர் கெட்டுப்போனால், "ரெசின் செத்துப்போச்சு அண்ணே, மாத்திடலாம்" என்று சொல்லிவிடுவோம். அங்கே அது பெரிய தவறில்லை. அமிலமும் காரமும் விட்டுக் கழுவினால் ரெசின் மீண்டும் உயிர் பெறும், இல்லாவிட்டால் புதிய மூட்டை வரும். கதிரியக்கக் கழிவில் அப்படி முடியாது. கழுவிய அமிலம் இன்னொரு கதிரியக்கக் கழிவாகிவிடும். மாற்றிய ரெசினைப் பல பத்தாண்டு பாதுகாக்க வேண்டும், ஏனென்றால் சீசியம்-137இன் அரை ஆயுள்காலம் (கதிரியக்கம் பாதியாகும் காலம்) சுமார் 30 ஆண்டு, ஸ்ட்ரான்சியம்-90க்குச் சுமார் 29 ஆண்டு. அதனால் ரெசினை மாற்றுவது கடைசி முடிவு. அதற்கு முன் கேட்க வேண்டிய கேள்வி, எவ்வளவு கசிகிறது என்பதைவிட, எந்தத் தனிமம் கசிகிறது என்பது. நான் பார்த்தவரையில் முக்கால்வாசிச் சிக்கல்களுக்கு இந்தக் கேள்வியிலேயே பதில் இருக்கும்.

எதைத் தொடுவதற்கும் முன்

வெளியேறும் நீரை உடனே தேக்கத் தொட்டிக்குத் திருப்புங்கள். வடிகாலுக்குப் போகும் வால்வு மூடியிருப்பதைக் கண்ணால் பார்த்து உறுதி செய்யுங்கள், திரையில் காட்டுவதை மட்டும் நம்பாதீர்கள். அப்புறம் உங்கள் கதிரியக்கப் பாதுகாப்பு அதிகாரிக்குச் சொல்லுங்கள். சிங்கப்பூரில் கதிரியக்கப் பொருளை வைத்திருக்கவும் கையாளவும் தேசியச் சுற்றுப்புற வாரியத்தின் உரிமம் தேவை. அந்த உரிமத்தின் நிபந்தனைக்குள் வராத எதையும், அவசரம் என்ற பெயரில், நீங்களாகச் செய்யக்கூடாது. இங்கே நான் எழுதுவது உரிமம் உள்ள இடத்தில், பயிற்சி பெற்றவர் மேற்பார்வையில் செய்யும் வேலைக்கு மட்டுமே.

தேக்கத் தொட்டி நிரம்பிக்கொண்டிருக்கும் நேரத்தில் மூன்று மாதிரிகள் எடுங்கள்: உள்ளே போகும் நீர், வெளியே வரும் நீர், 0.45 மைக்ரான் வடிதாளில் வடிகட்டிய உள்ளே போகும் நீர். மூன்றுக்கும் ஒரே அளவு, ஒரே வடிவப் புட்டி. புட்டியின் வடிவம் மாறினால் காமா எண்ணிக்கையும் மாறிவிடும், பிறகு ஒப்பிட்டுப் பயனில்லை. வடிகட்டிய பிறகு மாதிரியில் கொஞ்சம் அமிலம் சேருங்கள், இல்லாவிட்டால் கோபால்ட் போன்ற உலோகங்கள் புட்டியின் சுவரிலேயே ஒட்டிக்கொள்ளும். அமிலத்தை வடிகட்டும் முன்பே சேர்த்தால் கூழ்மமாக (நீரில் மிதக்கும் நுண்துகளாக) இருந்தது கரைந்துவிடும், சோதனையின் நோக்கமே போய்விடும்.

கூடவே ஒரு குலுக்கல் சோதனை. கலனில் இருக்கும் அதே வகைப் புதிய ரெசின் 1 மில்லிலிட்டர், கழிவுநீர் 100 மில்லிலிட்டர், மூடிய புட்டியில் ஓர் இரவு முழுக்கக் குலுக்குங்கள். மறுநாள் அந்த நீரில் கதிரியக்கம் நன்றாகக் குறைந்திருந்தால் வேதியியலில் தவறில்லை, கலனுக்குள் நீர் ஓடும் விதத்தில் அல்லது பழைய ரெசினில் கோளாறு. குறையவில்லை என்றால் எத்தனை புதிய ரெசின் போட்டாலும் குறையாது, கோளாறு தண்ணீரில் இருக்கிறது. இந்த ஒரு சோதனை பல நாள் வீண் உழைப்பை மிச்சப்படுத்தும்.

அறிகுறி: எல்லாமே ஒரே விகிதத்தில் கசிகிறது

உள்ளே போகும் நீரில் சீசியம், கோபால்ட், மாங்கனீஸ் எந்த விகிதத்தில் இருக்கிறதோ, வெளியேயும் அதே விகிதம். அளவு மட்டும் குறைவு. ரெசினுக்கு ஒவ்வோர் உலோகத்தின் மேலும் வெவ்வேறு விருப்பம் உண்டு, அதனால் நீர் ரெசினைத் தொட்டிருந்தால் விகிதம் கட்டாயம் மாறியிருக்கும். மாறவில்லை என்றால் கொஞ்சம் நீர் ரெசினைத் தொடாமலேயே வந்திருக்கிறது.

ரெசின் படுகையில் வழி விழுந்திருக்கலாம், காற்றுக் குமிழி தங்கியிருக்கலாம், சுற்றுவழி வால்வு முழுதாக மூடாமல் இருக்கலாம். வால்வை முதலில் பாருங்கள், அது மிக எளிது. பிறகு ஈயத்தில் சிறு துளை வைத்த மறைப்போடு கதிர்வீச்சு மீட்டரைக் கலனின் வெளிப்பக்கமாக மேலிருந்து கீழே மெதுவாக நகர்த்துங்கள், நான்கு பக்கமும். நல்ல கலனில் நீர் நுழையும் பக்கத்தில் கதிர்வீச்சு அதிகமாகவும், கீழே போகப்போகச் சட்டென்று குறைந்தும் இருக்கும். ஒரு பக்கத்தில் மட்டும் கோடு போட்டதுபோல் கீழ்வரை உயர்ந்திருந்தால் அதுதான் நீர் ஓடும் வழி. நிறம் மாறிக் காட்டும் ரெசினோ சாயமோ தேவையில்லை, கழிவே தன் பாதையைக் காட்டிக்கொடுக்கிறது.

சரிசெய்ய, நீரைக் கீழிருந்து மேலாக மெதுவாக விட்டுப் படுகையைத் தளர்த்தி மறுபடி படிய விடலாம். ஆனால் நீர் ஆலையில் செய்வதுபோல் வடிகாலைத் திறந்துவைத்து ஆற அமர பேக்வாஷ் செய்ய முடியாது. வெளிவரும் ஒவ்வொரு லிட்டரும் கதிரியக்கக் கழிவு. இன்னொன்றும் உண்டு. மேல் பக்கத்தில் பிடித்துவைத்த கதிரியக்கமுள்ள மணிகள் பேக்வாஷில் கீழே கலந்துவிடும், பிறகு வெளியேறும் நீரில் எப்போதும் கொஞ்சம் மீதம் இருந்துகொண்டே இருக்கும். அதனால் பின்னால் இன்னொரு சிறு கலன் இருந்தால் மட்டுமே பேக்வாஷ் செய்யுங்கள். ஓட்ட வேகத்தையும் ஒருமுறை கணக்கிடுங்கள். ஒரு மணி நேரத்தில் படுகையின் கன அளவைப் போல் 10 மடங்கு நீர் ஓடினால் நிதானம். 40 மடங்கைத் தாண்டினால் அயனிகள் ரெசின் மணிக்குள் நுழைய நேரம் போதாமல் போகலாம்.

அறிகுறி: முதலில் சீசியம் கசிகிறது, கோபால்ட்டும் ஸ்ட்ரான்சியமும் பிடிபடுகின்றன

இது ரெசின் தன் இயல்பின்படி நடந்துகொள்வது. சல்ஃபோனிக் அமில வகை நேரயனி ரெசின் (நேர்மின்சுமை உள்ள அயனிகளைப் பிடிப்பது) ஒற்றை மின்சுமை உள்ளவற்றை லேசாகவும், இரட்டை மின்சுமை உள்ளவற்றை இறுக்கமாகவும் பிடிக்கும். நிரம்பும்போது முதலில் சோடியம் வெளியேறும், அடுத்து பொட்டாசியம், சீசியம். கோபால்ட், கால்சியம், ஸ்ட்ரான்சியம் கடைசியில். ஆகவே சீசியம் தலைகாட்டினால் உப்பு ரெசினை நிரப்பிவிட்டது என்று அர்த்தம்.

இங்கே கணக்கைக் கொஞ்சம் நிதானமாகப் பார்க்க வேண்டும், ஏனென்றால் புதிதாக வருகிறவர்கள் கதிரியக்கம் அதிகம் என்றால் ரெசின் சீக்கிரம் நிரம்பும் என்று நினைக்கிறார்கள். ஒரு லிட்டருக்கு 1,000 பெக்கரல் (நொடிக்கு ஓர் அணு சிதைந்தால் ஒரு பெக்கரல்) சீசியம்-137 உள்ள கழிவுநீர் 1,000 லிட்டர் இருக்கிறது என்று வையுங்கள். மொத்தம் பத்து லட்சம் பெக்கரல். எடையில் அது ஒரு மைக்ரோகிராமில் மூன்றில் ஒரு பங்குகூட இல்லை. ஒரு லிட்டர் ரெசினின் கொள்ளளவோடு ஒப்பிட்டால் அது ஒன்றுமே இல்லை. அதே நீரில் சாதாரண உப்புகள் லிட்டருக்கு 2 மில்லிஈக்விவலன்ட் (அயனிகளை அவற்றின் மின்சுமையை வைத்து எண்ணும் அலகு) இருந்தால், 1,000 லிட்டரில் 2 ஈக்விவலன்ட். ஒரு லிட்டர் நேரயனி ரெசினின் கொள்ளளவு ஏறக்குறைய 1.9 ஈக்விவலன்ட். அதாவது, சோடியமும் கால்சியமுமே முழு ரெசினையும் தின்றுவிட்டன. கடல்நீரில் இது இன்னும் மோசம். லிட்டருக்கு ஏறத்தாழ 0.6 ஈக்விவலன்ட் இருப்பதால், படுகையைப் போல் மூன்று மடங்கு நீர் ஓடியதும் ரெசின் தீர்ந்தது.

எனவே வெளியேறும் நீரின் மின்கடத்துதிறனைத் தொடர்ந்து பதிவு செய்யுங்கள். நீர் ஆலை அனுபவம் இங்கே கைகொடுக்கும், உப்புக் கசிவுதான் சீசியம் கசிவுக்கு முன்னறிவிப்பு. உப்பு எங்கிருந்து வருகிறது என்று தேடுங்கள். தரையைத் துடைத்த நீர், நடுநிலையாக்கச் சேர்த்த சோடியம் ஹைட்ராக்சைடு, பாத்திரம் கழுவிய குழாய்நீர், எல்லாவற்றையும் ஒரே தொட்டியில் கொட்டினால் உப்பு ஏறத்தான் செய்யும். உப்பு குறைந்த கழிவையும் உப்பு நிறைந்த கழிவையும் பிறக்கும் இடத்திலேயே பிரித்து வைப்பது, எந்த விலையுயர்ந்த ரெசினைவிடவும் அதிகம் பயன் தரும் என்பது என் உறுதியான கருத்து.

பிரிக்க முடியாத உப்புக் கழிவுக்குச் சாதாரண ரெசினோடு போராட வேண்டாம். சீசியத்தைத் தேடிப் பிடிக்கும் பொருள்கள் தனியாக இருக்கின்றன. செயற்கை ரெசின்களில் ரிசார்சினால்-ஃபார்மால்டிஹைடு வகை முக்கியமானது. காரம் மிகுந்த, சோடியம் நிறைந்த கழிவிலும் சீசியத்தைப் பிடிக்கும். இந்தியாவில் பாபா அணு ஆராய்ச்சி மையம் இந்த வகை ரெசினைச் சீசியத்துக்கும், இமினோடைஅசிட்டிக் அமில வகை ரெசினை ஸ்ட்ரான்சியத்துக்கும் உருவாக்கி, நடுத்தரக் கதிரியக்கமுள்ள காரக் கழிவில் பயன்படுத்தியிருக்கிறது. நம் ஊர்க்காரர்கள் பலர் வேலை செய்யும் துறை அது என்பதால் சொல்லும்போது பெருமையாக இருக்கிறது. ஆனால் இந்த ரிசார்சினால் ரெசினைக் காரமில்லாத நீரில் போட்டுவிட்டு "வேலை செய்யவில்லை" என்று சொல்லக்கூடாது. அதன் பீனால் தொகுதிகள் காரத்தில்தான் ஹைட்ரஜனை விடும், அப்போதுதான் சீசியத்துக்கு இடம் கிடைக்கும். நடுநிலை நீருக்கு ஃபெரோசயனைடு சேர்ந்த பொருள்களோ ஜியோலைட் என்ற கனிமமோ பொருத்தம். ஃபெரோசயனைடு அதிகக் காரத்தில் சிதையும், ஆகவே ஒன்றுக்குப் பதில் மற்றொன்று என்று மாற்றிப் போட முடியாது. எதைப் போட்டாலும் பொட்டாசியத்தின் அளவைத் தெரிந்துகொள்ளுங்கள், சீசியத்துக்கு நெருங்கிய போட்டி அதுதான்.

அறிகுறி: சீசியம் பிடிபடுகிறது, கோபால்ட் கசிகிறது

இது முன்னதற்கு நேர்மாறு, அதனாலேயே முக்கியம். லேசாகப் பிடிக்க வேண்டியது நிற்கிறது, இறுக்கமாகப் பிடிக்க வேண்டியது ஓடுகிறது. அப்படியானால் கோபால்ட் அயனியாக இல்லை, வேறு வேடத்தில் வருகிறது. ரெசினை மாற்றினால் இந்தக் கசிவு ஒரு துளியும் குறையாது.

வடிகட்டிய மாதிரியை இப்போது எடுத்துப் பாருங்கள். கோபால்ட்-60இன் 1173, 1332 கிலோ எலக்ட்ரான்வோல்ட் கோடுகள் (காமா நிறமாலையில் அதன் அடையாளம்) வடிகட்டிய நீரில் மிகவும் குறைந்து, வடிதாளில் ஏறியிருந்தால் அது துகள். துரு, ஹைட்ராக்சைடு, கூழ்மம் ஆகியவற்றோடு ஒட்டிக்கொண்டு வருகிறது. 0.45 மைக்ரானில் நிற்காமல் 0.1 மைக்ரானில் நிற்பதும் உண்டு, அதனால் இரண்டாவது தாளிலும் ஒருமுறை பாருங்கள். கலனுக்கு முன் நுண்வடிகட்டி வைப்பதே தீர்வு. கூழ்மத்தைக் கரைக்க அமிலம் சேர்க்கலாம் என்று சிலர் சொல்வார்கள். கரையும்தான், ஆனால் சேர்த்த அமிலத்தின் ஹைட்ரஜன் அயனிகளும் ரெசினில் இடம் கேட்கும். சிறிய அளவுக்கு மட்டும் அதைச் செய்யுங்கள்.

வடிதாளில் ஒன்றும் நிற்கவில்லை என்றால் அணைவுச் சேர்மத்தைச் சந்தேகிக்க வேண்டும். கதிரியக்கக் கறை நீக்கப் பயன்படும் கரைசல்களில் உலோகத்தைப் பற்றிக்கொள்ளும் இடிடிஏ, சிட்ரிக் அமிலம், ஆக்சாலிக் அமிலம் இருக்கும். சில சலவைத் திரவங்களிலும் இடிடிஏ உண்டு. இடிடிஏ கோபால்ட்டைச் சுற்றி வளைத்துக்கொண்டால் அதன் மின்சுமை எதிராக மாறிவிடும், நேரயனி ரெசின் அதைக் கண்டுகொள்ளாது. உறுதி செய்ய, அதே குலுக்கல் சோதனையை, எதிர்மின்சுமை உள்ளவற்றைப் பிடிக்கும் எதிரயனி ரெசினோடு செய்யுங்கள். அதில் கோபால்ட் குறைந்தால் விடை கிடைத்தது. அடுத்து கறை நீக்கும் வேலை செய்கிறவரிடம் போய், என்ன திரவம், எப்போது, எவ்வளவு ஊற்றினார் என்று மரியாதையாகக் கேளுங்கள். அந்தக் கழிவு தனித் தொட்டிக்குப் போக வேண்டும் என்று அவருக்கு யாரும் சொல்லியிருக்க மாட்டார்கள்.

ஆன்டிமனி-125உம் இதே வகைத் தொல்லை தரும். அது நீரில் பெரும்பாலும் நேரயனியாக இருப்பதே இல்லை. யுரேனியமும் அப்படித்தான், இடத்துக்கு இடம் வேடம் மாறும். அமிலநீரில் யுரேனைல் நேரயனி. கார்பனேட் உள்ள நிலத்தடி நீரிலோ மூன்று கார்பனேட்டுகளைச் சேர்த்துக்கொண்டு எதிரயனியாகிவிடும். கிணற்று நீரிலிருந்து யுரேனியத்தை நீக்க எதிரயனி ரெசின் பயன்படுவது இதனால்தான்.

அறிகுறி: வெளியே வரும் நீரில் உள்ளே போவதைவிட அதிகம்

இதைப் பார்த்தால் பலர் கருவி கெட்டுவிட்டது என்பார்கள். கருவியைச் சோதிப்பது நல்லதுதான், வெற்றுப் புட்டியை வைத்து எண்ணிப் பாருங்கள், கருவியின் மேலேயே கறை இருந்தால் தெரிந்துவிடும். ஆனால் பெரும்பாலும் கருவி சரியாகவே சொல்லும். வாரக்கணக்கில் சேர்த்துவைத்த சீசியத்தை ரெசின் ஒரே நேரத்தில் திருப்பிக் கொடுக்கிறது.

அமிலக் கழிவு கொஞ்சம் வந்திருக்கும், அல்லது கால்சியம் அதிகமுள்ள நீர் வந்திருக்கும், அல்லது உப்புச் செறிவு திடீரென ஏறியிருக்கும். இறுக்கமாகப் பிடிபடுவது வந்தாலோ, லேசாகப் பிடிபடுவதே மிக அதிகச் செறிவில் வந்தாலோ, ஏற்கெனவே பிடிபட்ட சீசியம் இடத்தைக் காலி செய்யும். ஓட்டத்தை நிறுத்துங்கள். உள்ளே போகும் நீரின் பிஹெச், மின்கடத்துதிறன் பதிவுகளைக் கடந்த ஒரு வாரத்துக்குப் புரட்டுங்கள், திடீர் மாற்றம் கண்ணில் படும். இமினோடைஅசிட்டிக் வகை ரெசினில் இது இன்னும் கூர்மையாக நடக்கும். பிஹெச் 2க்குக் கீழே போனால் பிடித்த உலோகத்தையெல்லாம் விட்டுவிடும். இதைத் தடுக்க ஒரே வழி, கலனுக்கு முன்னால் கலக்கும் தொட்டி ஒன்று வைத்து, பிஹெச் பார்த்த பிறகே நீரை விடுவது.

அறிகுறி: மாதிரியை எண்ண எண்ணக் குறைகிறது

காலையில் எண்ணியபோது அதிகம், மதியம் எண்ணினால் ஒன்றும் இல்லை. இதற்குக் காரணம் சேய் தனிமங்கள். சீசியம்-137 சிதைந்து பேரியம்-137எம் ஆகும், நாம் அளக்கும் 662 கிலோ எலக்ட்ரான்வோல்ட் காமா உண்மையில் இந்தப் பேரியத்திலிருந்துதான் வருகிறது. அதன் அரை ஆயுள்காலம் 2.55 நிமிடம். ஃபெரோசயனைடு கலன் சீசியத்தைப் பிடித்துக்கொண்டு பேரியத்தை விட்டுவிடும். அப்போதுதான் வெளியே வந்த நீரை உடனே எண்ணினால் சீசியம் கசிகிறது என்று தோன்றும். அரை மணி நேரம் பொறுத்து மறுபடி எண்ணுங்கள். அதற்குள் அந்தப் பேரியம் ஆயிரத்தில் ஒரு பங்குக்கும் கீழே போயிருக்கும். அதன் பிறகும் கோடு இருந்தால் கசிவு உண்மை.

ஸ்ட்ரான்சியம்-90க்கு இவ்வளவு சுலபமில்லை. அது காமா தராது, காமா நிறமாலையில் தேடவே கூடாது. அதன் சேயான இட்ரியம்-90இன் அரை ஆயுள்காலம் 64 மணி நேரம். கலன் ஸ்ட்ரான்சியத்தைப் பிடித்து இட்ரியத்தை மட்டும் விட்டிருந்தால் பீட்டா எண்ணிக்கை நாளுக்கு நாள் குறையும். ஸ்ட்ரான்சியமே வந்திருந்தால் எண்ணிக்கை குறையாது. இட்ரியம் பிடிபட்டு ஸ்ட்ரான்சியம் மட்டும் வந்திருந்தால் ஏறவும் செய்யும். மூன்று வாரத்தில் இரண்டும் சமநிலைக்கு வந்துவிடும், அந்த எண்ணிக்கையைத்தான் பதிவேட்டில் எழுத வேண்டும். மேலாளர் அவசரப்படுத்துவார். தேக்கத் தொட்டி பெரிதாக இருந்தால் அந்த மூன்று வாரத்தைக் கேட்டு வாங்க முடியும்.

அறிகுறி: அழுத்தம் ஏறுகிறது, ஓட்டம் குறைகிறது

துரு, நொறுங்கிய மணிகள், பாசிபோன்ற வழவழப்பு, இவை மூன்றில் ஒன்று. நம் ஊர் வெப்பத்தில் தேங்கி நிற்கும் நீரில் நுண்ணுயிர் சீக்கிரம் வளரும், வார இறுதியில் நிறுத்திவைத்த கலன் திங்கட்கிழமை இறுகியிருந்தால் இதையே முதலில் நினையுங்கள். குளோரின் விட்டுக் கொல்லலாம் என்று தோன்றும், வேண்டாம். குளோரின் ரெசினின் குறுக்குப் பிணைப்பை அறுக்கும், மணிகள் மென்மையாகி இன்னும் நசுங்கும். இங்கே குழாய்நீரில் குளோரமைன் இருப்பதால் கலனை அலசவும் உப்பு நீக்கிய நீரையே பயன்படுத்துங்கள்.

ரெசின் ஒருமுறை காய்ந்துவிட்டால் அதன் மேல் நேரடியாக நீர் ஊற்றாதீர்கள். மணிகள் சட்டென்று உப்பி வெடிக்கும், கண்ணாடிக் கலனையே உடைக்கும். புதிய ரெசின் என்றால் முதலில் அடர்ந்த உப்புக் கரைசலில் ஊறவைத்துப் படிப்படியாக நீர்க்கச் செய்யலாம். கதிரியக்கம் ஏறிய ரெசின் காய்ந்துபோயிருந்தால் நீங்கள் ஒன்றும் செய்ய வேண்டாம், பாதுகாப்பு அதிகாரியை அழையுங்கள்.

அறிகுறி: மீன் வாடை, பழுப்பு நிறம், நுரை

மீன் வாடை எதிரயனி ரெசினிலிருந்து வரும் டிரைமெத்தில்அமீன். ஹைட்ராக்சைடு வடிவில் இருக்கும் எதிரயனி ரெசின் 60 டிகிரிக்கு மேல் தாங்காது, அதற்குக் கீழேயும் வெயிலில் மாதக்கணக்கில் வைத்தால் மெல்லச் சிதையும். புதிய மூட்டைகளைக் கூரையில்லாத இடத்தில் அடுக்காதீர்கள். கதிர்வீச்சும் எதிரயனி ரெசினைத்தான் முதலில் தாக்கும். நுரை, பழுப்பு நிறம் என்றால் நேரயனி ரெசின் ஆக்சிஜனேற்றத்தால் கரைகிறது. ஆய்வுக்கூட அளவுக் கதிரியக்கத்துக்கு ரெசின் இப்படிக் கெடாது, வெப்பத்தையும் ஆக்சிஜனேற்றிகளையும் தேடுங்கள்.

அறிகுறி: வெளியேறும் குழாயில் மணிகள்

சல்லடை கிழிந்திருக்கிறது. இதைச் சிறு விஷயமாக எடுத்துக்கொள்ளாதீர்கள். நீரில் பரவியிருந்த கதிரியக்கம் முழுவதும் திரண்டு நிற்பது இந்த மணிகளில்தான். அரை மில்லிமீட்டர் மணி ஒன்று காலணியில் ஒட்டி வீட்டுக்குப் போய்விட முடியும். உடனே நிறுத்தி, குழாய் வழி முழுதையும் மீட்டரால் தடவிப் பாருங்கள். கலனுக்குப் பின்னால் மணி பிடிக்கும் வடிகட்டி இல்லாமல் மறுபடி ஓட்டவே கூடாது.

அறிகுறி: கலன் சுடுகிறது, குமிழி வருகிறது

இந்தப் பகுதியை மட்டும் இரண்டு முறை படியுங்கள். கலன் தொடும்போது வெதுவெதுப்பாக இருந்தாலோ, பழுப்பு வாயு தெரிந்தாலோ, சரிபார்க்க நிற்காதீர்கள். அறையை விட்டு வெளியேறி, மற்றவர்களையும் வெளியேற்றி, அவசர நடைமுறையைத் தொடங்குங்கள்.

1976 ஆகஸ்ட் 30, அமெரிக்காவின் ஹான்ஃபோர்ட் அணு வளாகம். அமெரிசியம் என்ற கதிரியக்கத் தனிமத்தைப் பிரிக்கும் நேரயனி ரெசின் கலன் ஒன்று வேலைநிறுத்தம் காரணமாகச் சுமார் ஐந்து மாதம் அப்படியே நின்றது. அந்தக் காலம் முழுக்க அமெரிசியத்தின் கதிர்வீச்சு ரெசினைச் சிதைத்துக்கொண்டே இருந்தது. வேலை மறுபடி தொடங்கி, அடர்ந்த நைட்ரிக் அமிலத்தை விட்டதும் கலன் வெடித்தது. ஹெரால்ட் மெக்லஸ்கி என்ற 64 வயதுத் தொழிலாளியின் முகத்திலும் உடலிலும் அமிலமும் கண்ணாடியும் அமெரிசியமும் பாய்ந்தன. நீண்ட சிகிச்சைக்குப் பின் அவர் பிழைத்தார், 1987இல் இதய நோயால் காலமானார்.

நைட்ரிக் அமிலம் ஆக்சிஜனேற்றி. ரெசின் எரியக்கூடிய கரிமப் பொருள். இரண்டும் சூடோ, வறட்சியோ, அடைபட்ட வாயுவோ சேர்ந்து சந்தித்தால் இப்படி ஆகும். ஆகவே நீண்ட நாள் நின்ற கலனில் நைட்ரிக் அமிலத்தை விடாதீர்கள். பிடித்த உலோகத்தை மீட்க நீர்த்த அமிலம் விடுவது சில வேலைகளில் முறைதான், ஆனால் செறிவு, வெப்பநிலை, வாயு வெளியேறும் வழி மூன்றும் எழுத்தில் இருக்க வேண்டும், யாராவது அருகிலிருந்து பார்த்துக்கொண்டிருக்க வேண்டும். ரெசின் எப்போதும் நீருக்கு அடியில் இருக்க வேண்டும். வேலை நிற்கப்போகிறது என்று தெரிந்தால், நிற்கும் முன்பே அமிலத்தை நீரால் அலசிவிடுங்கள்.

அறிகுறி: எதுவும் தவறில்லை, ஆனாலும் குறையவில்லை

டிரிட்டியமா (ஹைட்ரஜனின் கதிரியக்க வகை) என்று பாருங்கள். அது நீர் மூலக்கூறின் ஹைட்ரஜனாகவே இருப்பதால் எந்த ரெசினும் பிடிக்காது. ஃபுகுஷிமாவில் 62 வகைக் கதிரியக்கத் தனிமங்களை நீக்க அமைத்த கருவித்தொகுதியும் டிரிட்டியத்தை விட்டுவிடத்தான் செய்தது. 2023 ஆகஸ்டில் கடலில் விடத் தொடங்கிய நீரைச் சுற்றி எழுந்த வாதம் பெரும்பாலும் அதைப் பற்றியே. மருத்துவமனைக் கழிவில் அயோடின்-131 என்றால் அதற்கு ரெசின் தேவையே இல்லை. 8 நாள் அரை ஆயுள்காலம், தொட்டியில் தேக்கி வைத்தால் தானே தீர்ந்துவிடும்.

அறிகுறி: பயன்படுத்திய ரெசின் வைத்த பீப்பாய் உப்புகிறது

கதிர்வீச்சு, ரெசினையும் அதில் தங்கிய நீரையும் உடைத்து ஹைட்ரஜனை உண்டாக்கும். நுண்ணுயிர்களும் தம் பங்குக்கு வாயு தரும், நம் வெப்பத்தில் இன்னும் வேகமாக. காற்றில் 4 விழுக்காடு ஹைட்ரஜன் சேர்ந்தாலே பற்றிக்கொள்ளும். உப்பிய பீப்பாயின் மூடியைத் திருகித் திறக்க முயலாதீர்கள், பொறி வரும் கருவி எதையும் அருகில் கொண்டுபோகாதீர்கள். ஒதுக்கி வைத்து, பாதுகாப்பு அதிகாரி வழியாகவே திறக்க வேண்டும். அடுத்த பீப்பாயிலிருந்து வடிகட்டியுள்ள வாயுத் துளை வைத்த மூடியைப் போடுங்கள். ரெசின் வாங்கும் மொத்தக் கதிரளவு பத்து லட்சம் கிரேயை (உறிஞ்சிய கதிரளவின் அலகு) தாண்டாதபடி ஏற்றுவது அமெரிக்க நெறிமுறை. சிறு ஆய்வுக்கூடங்கள் அதன் பக்கத்தில்கூடப் போவதில்லை, ஆனால் நுண்ணுயிர் வாயு எந்த அளவிலும் வரும்.

சிமென்டில் கலந்து கட்டியாக்கிய ரெசின் சில மாதத்தில் விரிசல் விட்டால், மணிகள் ஈரம் குடித்து உப்பியிருக்கின்றன. எதிரயனி ரெசின் குளோரைடு வடிவிலிருந்து ஹைட்ராக்சைடுக்கு மாறும்போது சுமார் 20 விழுக்காடு உப்பும், சிமென்டின் காரம் அதைத்தான் செய்கிறது. கலக்கும் முன்பே ரெசினைச் சுண்ணாம்பு நீரில் ஊறவைத்து உப்ப விட்டுவிடுங்கள், சிமென்டில் ரெசினின் பங்கையும் குறையுங்கள். ஒவ்வொரு பீப்பாயின் மேலும் ரெசின் வகை, அது பார்த்த நீரின் பிஹெச், நைட்ரேட் இருந்ததா இல்லையா, கடைசியாக மூடிய தேதி ஆகியவற்றை அழியாத மையில் எழுதுங்கள். முப்பது ஆண்டு கழித்து அதைத் திறப்பவருக்கு உங்கள் பதிவேடு கிடைக்காமல் போகலாம், பீப்பாய் மட்டும் கிடைக்கும்.